நாலு பரப்புக் குத்தகைத் தறையிலிருந்து குடும்பத் தொழில் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1979இல் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்துப் புத்தூர்ப் பக்கத்தில் நாலு பரப்புச் செம்மண் தறையை, அதாவது கால் ஏக்கர் தோட்டக் காணியை, குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நட்டார்கள். கையில் இருந்தவை இரண்டு மண்வெட்டி, ஒரு சைக்கிள், அம்மாவின் தாலிக்கொடி. இன்று 52 பரப்புச் செய்கிறோம். அதில் 22 பரப்புச் சொந்தம். வீட்டுக்குப் பின்னால் மிளகாய்த்தூளும் மோர்மிளகாயும் பொதி செய்யும் அறை இருக்கிறது. குடும்பத்தில் ஏழு பேரும் வெளியிலிருந்து வரும் ஆறு பேரும் இந்தத் தோட்டத்தை நம்பி வாழ்கிறோம். நான் இளைய மகள். கணக்கும் பொதி அறையும் என் பொறுப்பு.

வவுனியாவிலிருந்தும் தீவகத்திலிருந்தும், சில வேளை கனடாவிலிருந்தும் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள். யாழ்ப்பாணத்து மண்ணையும் கிணற்றையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். வன்னியில் குளத்துத் தண்ணீரில் செய்பவர்களுக்குச் சில பதில்கள் பொருந்தமாட்டா.

எவ்வளவு காணி இருந்தால் தொடங்கலாம்?

தண்ணீர் நல்லதென்றால் நாலு பரப்புப் போதும். பழக்கமில்லாதவர்களுக்காக: ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். நாலு பரப்பு என்பது கால் ஏக்கர். வலிகாமத்துச் செம்மண்ணில், எருவும் தண்ணீரும் குறையாவிட்டால், ஒரே தறையில் வருடத்துக்கு மூன்று முறை பயிர் எடுக்கலாம். எங்கள் தறையில் பரப்புக்கு ஏறத்தாழ ஓர் அந்தர், அதாவது 50 கிலோ, விதை வெங்காயம் ஊன்றி ஏழு எட்டு அந்தர் பிடுங்கிய வருடங்கள் உண்டு. மூன்று அந்தரோடு நின்றுபோன வருடங்களும் உண்டு.

வீட்டில் உள்ளவர்களின் கை எட்டுமளவுக்குக் காணி எடுங்கள். களை பிடுங்கி முடிக்க முடியாத காணிக்குக் குத்தகை கட்டுவது வீண்.

காணி பார்க்கப் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கிணற்றை. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை; வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நாம் இறைப்பது அந்த மிதக்கும் நன்னீரை. அளவு மீறி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலே வரும். வந்த உவர் ஒரு மாரியோடு போய்விடும் என்று நம்பியிருக்க முடியாது.

அம்மா பங்குனி, சித்திரையில்தான் காணி பார்க்கப் போவார். மாரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறாகத் தெரியும் என்பார். வாளியில் அள்ளிய தண்ணீரை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் சற்று நேரம் நாவில் வைத்திருப்பார். பிறகு துப்பிவிட்டு வாய்க்கால் கரையில் குந்தி, மண் வெள்ளை பூத்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். 1998இல் எட்டுப் பரப்பு மலிவாக வந்தது. அப்பா முற்பணம் கொடுக்கத் தயாராக நின்றார். அம்மா தண்ணீரைத் துப்பிவிட்டு வேண்டாம் என்றார். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. அந்தக் காணியில் இன்று தென்னை மட்டும் நிற்கிறது; அதை வாங்கியவர் நட்ட மிளகாய் நுனி கருகிப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இப்போது உவர் அளக்கும் சிறிய கருவி வைத்திருக்கிறேன். ஆனாலும் புதுக் காணிக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கிணறு பலருக்குப் பங்காக இருந்தால் சண்டை வராதா?

வரும். எங்கள் பெரிய தறைக் கிணறு ஐந்து குடும்பங்களுக்குப் பங்கு. காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கின்றன. ஐந்து நாளுக்கு ஒரு முறை எங்கள் முறை. துலாவில், அதாவது மரக் கம்ப ஏற்றத்தில், இறைத்த காலத்தில் மனித உடம்பே எல்லையாக இருந்தது: துலா மிதிக்க ஆள் வேண்டும், பட்டை பிடிக்க ஒருவர் வேண்டும், பாத்திக்குத் தண்ணீர் மாற இன்னொருவர் வேண்டும். களைத்ததும் நின்றுவிடுவார்கள், கிணறும் ஊறும். இறைப்பு மெசின் வந்த பிறகு களைப்பு என்ற எல்லை போய்விட்டது. ஒரு வைகாசியில் இரவில் முறை மீறி இறைத்ததில் கிணறு சேறாகி, ஐந்து குடும்பத்து மிளகாயும் வாடியது. எங்கள் வீட்டாரும் அந்தத் தவறைச் செய்தவர்களே.

அதன்பின் மூன்று ஏற்பாடுகள் செய்தோம். மெசின் கொட்டிலில் ஒரு கொப்பி தொங்குகிறது. இறைப்பைத் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் அவரவர் எழுதி ஒப்பமிட வேண்டும். கிணற்றுக்குள் முடிச்சுப் போட்ட நைலோன் கயிறு ஒன்று தொங்குகிறது. தண்ணீர் மூன்றாம் முடிச்சுக்குக் கீழே போனால் எல்லோருக்கும் ஒரு மணித்தியாலம் குறையும், யாருடைய பயிர் எந்த நிலையில் நின்றாலும் சரி. கிணறு இறைத்துத் தூர் எடுக்கும் செலவு ஐந்தாகப் பிரியும். பேச்சை விடக் கொப்பி நல்லது. ஏனென்றால் கோபத்தில் இருப்பவரும் எழுத்தைப் பார்த்தால் நிதானிக்கிறார்.

பிறகு வெங்காயத்துக்குத் தூறல் நீர்ப்பாசனம் (ஸ்பிரிங்க்ளர்) போட்டோம். வாய்க்கால் மண் குடித்துவிடும் தண்ணீர் மிச்சமானது. எங்கள் முறையில் மிச்சமாகும் நேரத்தைப் பக்கத்துத் தறைக்கு விடுகிறோம். அவர்கள் மார்கழியில் தங்கள் உழவு இயந்திரத்தை எங்களுக்குத் தருகிறார்கள்.

எந்தப் பயிரில் இலாபம் அதிகம்?

பயிரின் பெயர் ஒன்றைச் சொல்லிப் பதில் தர எனக்கு மனம் வருவதில்லை. 1970களில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தார்கள். பலர் கல்வீடு கட்டினார்கள். 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. அப்பா தொடங்கியது அந்த வீழ்ச்சிக்குப் பிறகு. அதனால் ஒரு பயிரை மட்டும் நம்புகிற துணிச்சல் அவருக்கு ஒருபோதும் வரவில்லை.

எங்கள் காணியில் மூன்றில் ஒரு பங்கு வெங்காயம், பெரும்பாலும் வேதாளன் என்ற சின்ன வெங்காய வகை. எழுபது நாளளவில் கைக்குப் பணம் வரும். மழை ஓய்ந்ததும் உருளைக்கிழங்கும் பீற்றூட்டும். மிளகாய் பொதி அறைக்கு. பத்துப் பரப்பில் கதலியும் இதரையுமாக வாழை நிற்கிறது. வாழை பெரும் பணம் தராது, ஆனால் மாதம் தவறாமல் குலை வெட்டலாம், ஆட்களின் சம்பளம் அதிலிருந்து போகிறது. எல்லையில் முருங்கை. வேலியில் பூவரசும் கிளிசரியாவும். குழை தோட்டத்து மண்ணுக்குள் பசளையாகத் தாழ்க்க, மிச்சம் ஆட்டுக்கு.

2008 கார்த்திகையில் நிஷா புயல் மழையில் வெங்காயம் அழுகியது, வாழை சாய்ந்தது. அடுத்த போகத்துக்கு எங்களிடம் இருந்தது அடுப்படிக் கூரையின் கீழ்ப் பிடி கட்டித் தொங்கிய விதை வெங்காயம் மட்டுமே. அதனால், விலை எவ்வளவு ஏறினாலும் விதைக்கு ஒதுக்கியதில் கை வைப்பதில்லை.

கணக்கு எழுதுவது அவ்வளவு முக்கியமா? தோட்டக்காரருக்கு மனக்கணக்குப் போதாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

அம்மா 1984இல் 80 பக்க ஒற்றைறூள் கொப்பி ஒன்றில் கணக்கு எழுதத் தொடங்கினார். இடப் பக்கம் செலவு, வலப் பக்கம் வரவு. விதை, எரு, மண்ணெண்ணெய், மருந்து, கூலி. அதுவரை எல்லோரும் எழுதுவதுதான். அந்தக் கூலி வரிசையில் ஒரு நாள் இப்படி எழுதினார்: "களை பிடுங்கியது, நான், அரை நாள்." பக்கத்தில் அன்றைய பெண்ணாள் கூலியில் பாதி. அதற்குக் கீழே அப்பாவின் இறைப்பு. அதற்கும் கீழே, பள்ளிக்கூடம் விட்டு வந்து புகையிலைக்குத் தண்ணீர் ஊற்றிய அண்ணாவுக்குக் கால் நாள். அப்பா பார்த்துவிட்டு, உனக்கு யார் கூலி தரப்போகிறார்கள் என்று கேட்டாராம். "ஒருவரும் தரவேண்டாம். எழுதி இருக்கட்டும்" என்றார் அம்மா.

மூன்று வருடக் கொப்பியைக் கூட்டிப் பார்த்தபோது வீடே திகைத்தது. அந்தக் காலத்தில் கொத்தாகப் பணம் தந்தது புகையிலை. குடும்பமே அதற்குப் பின்னால் நின்றது: தண்ணீர் ஊற்ற, கெட்டு முறிக்க, வெட்டிய இலையைக் கோர்க்க, புகைபோட. வீட்டாளின் கூலியை எழுதிக் கழித்தால் புகையிலையில் மிஞ்சியது அநேகமாக ஒன்றுமில்லை. வெங்காயத்திலும் கத்தரியிலும் மிஞ்சியது. 1987 முதல் எங்கள் தறையில் புகையிலை இல்லை. அந்த முடிவை அப்பா தன் அனுபவத்தால் எடுக்கவில்லை, அம்மாவின் அரை நாள், கால் நாள் வரிகள்தான் எடுத்தன.

நான் பொறுப்பெடுத்த பிறகு தண்ணீரையும் அப்படியே எழுதுகிறேன்: இறைத்த மணித்தியாலம், மின்கட்டணம், மெசின் தேய்மானத்துக்கு ஒரு தொகை. வீட்டாள் உழைப்பையும் கிணற்றுத் தண்ணீரையும் இலவசம் என்று நினைத்திருந்த காலத்தில் எங்களுக்கு எந்தப் பயிர் சோறு போடுகிறது என்றே தெரியாமல் இருந்தது. 2011 முதல் எழுதுவதோடு நிற்கவில்லை. வேலை செய்யும் குடும்பத்தார் எல்லோருக்கும் மாதச் சம்பளம் கொடுக்கிறோம், அம்மாவுக்கும் சேர்த்து. முதல் மாதச் சம்பளத்தை அம்மா வாங்கி, கொப்பியில் ஒப்பமிட்டுவிட்டு, மறுநாள் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்த் தனக்கென்று ஒரு குடை வாங்கி வந்தார்.

கடன் எடுக்கலாமா?

விதைக்கும் எருவுக்கும் என்றால் போகம் முடிய அடைக்கக்கூடிய அளவுக்கு எடுக்கலாம். முதலில் கூட்டுறவுச் சங்கத்திலும் கிராமிய வங்கியிலும் கேளுங்கள். நகையை அடகு வைத்தால் மீட்கும் நாளைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். விளைச்சலை முன்கூட்டியே விலைபேசிக் கொடுத்துப் பணம் வாங்க வேண்டாம். நாங்கள் இரண்டு முறை வாங்கினோம். இரண்டு முறையும் பிடுங்கும் நாளில் சந்தை விலை பேசிய விலையைவிட மிக அதிகமாக நின்றது.

போர்க்காலத்தில் எப்படித் தொடர முடிந்தது?

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. அப்பா இறைப்பு மெசினைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தறை மூலையில் புதைத்தார். சைக்கிள் கரியரில் ஏற்றியது விதை வெங்காயம் ஒரு சாக்கு. அரிசியை ஏற்றுங்கள் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். முடியாமல் அரிசியைக் கடகத்தில் தலையில் வைத்துக்கொண்டார். மழை. அடியெடுத்து வைக்க இடமில்லாத சனம். மீசாலையில் உறவினர் வீட்டு விறாந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாக்கு ஊறிப்போயிருந்தது. அம்மா போத்தல் விளக்கு வெளிச்சத்தில் வெங்காயத்தைச் சீமெந்தில் பரப்பி, அழுகியதை ஒவ்வொன்றாக விரலால் அமத்திப் பார்த்துப் பிரித்தார். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த மணம் இப்போதும் தெரியும்.

மார்கழியில் அங்கேயே இரண்டு பரப்பு மணல் தறையில் ஊன்றினோம். 1996 சித்திரையில் திரும்பியபோது கொண்டுபோனதைவிடக் கூடுதலான விதையோடு வந்தோம். மெசின் துருப்பிடித்திருந்தது, ஆனால் திருத்த முடிந்தது. 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்டபோது வேறு விதமான கஷ்டம்: விளைந்ததைத் தெற்குக்கு அனுப்ப வழியில்லை. செத்தலை, அதாவது காய்ந்த மிளகாயை, தூளாக்கிச் சுற்றியுள்ள கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது அப்போதுதான். பொதி அறையின் தொடக்கம் அது.

பொதி செய்து விற்க என்னென்ன வேண்டும்?

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடத்தைப் பார்ப்பார். பொதியில் ஒட்டும் சிட்டையில் பொருளின் பெயர், சேர்மானம், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி தெளிவாக இருக்க வேண்டும். இவை கடினமானவை அல்ல.

கடினமானது மிளகாயைச் சரியாகக் காயவைப்பது. நாலு கிலோ மிளகாய்ப் பழம் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ செத்தல். எங்கள் முதல் பெரிய அனுப்புதலில் அவசரப்பட்டு, காம்படியில் ஈரம் நின்ற செத்தலை அரைத்துவிட்டேன். ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடித்து 60 பொதிகள் திரும்பி வந்தன. எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தோம். இப்போது ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஐந்து செத்தலை எடுத்துக் காம்போடு முறித்துப் பார்ப்போம். சத்தத்தோடு முறியாவிட்டால் அன்று அரைப்பதில்லை.

சந்தையா, நேரடி விற்பனையா?

இரண்டும். நாங்கள் விற்ற ஒரு சந்தையில் 100 கிலோ கொண்டுபோனால் 10 கிலோவைக் கழிவென்று வெட்டிவிட்டு 90 கிலோவுக்குத்தான் பணம் தந்தார்கள். வெயிலில் நின்று விளைவித்ததில் பத்தில் ஒன்று கண்முன்னே போவது நெஞ்சை எரிக்கும். ஆனாலும் சந்தையை முற்றாக விட்டவர்கள் மழை நாளில் தவித்ததையும் பார்த்திருக்கிறேன். பாதியைச் சந்தைக்கும், தரம் பிரித்த மீதியைக் கொழும்புக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கொடுக்கிறோம். தம்புள்ளை மொத்தச் சந்தை விலையைக் காலையில் கேட்டுவிட்டுத்தான் லொறி ஏற்றுவோம்.

இரசாயனப் பசளை இல்லாமல் செய்ய முடியுமா?

ஒரே நாளில் முடியாது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது நாங்கள் ஆறு வருடமாகச் சணல் விதைத்து, பூக்கும் பருவத்தில் உழுது தாழ்த்துக்கொண்டிருந்தோம். மாட்டெருவும் ஆட்டெருவும் போட்டுக்கொண்டிருந்தோம். அப்படியிருந்தும் வெங்காய விளைச்சல் மூன்றில் ஒன்று குறைந்தது. எதுவும் செய்திராத அயலவர்களுக்குப் பாதிகூட வரவில்லை. தடையை நவம்பரில் நீக்கினார்கள். இழந்த போகம் திரும்பவில்லை.

ஆனால் குறைக்கத்தான் வேண்டும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பயிர் எடுக்காத பகுதி நைத்திரேற்றாகக் கரைந்து, செம்மண்ணையும் சுண்ணாம்புக் கல்லையும் தாண்டி, நாம் குடிக்கும் அதே கிணற்றுக்குப் போகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது. பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. எங்கள் அண்ணாவின் மகள் பிறந்த வருடம் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். அந்த அளவை ஒட்டி நின்றது. அன்றிலிருந்து யூரியாவைப் பாதியாக்கி, அதையும் ஒரே தடவையில் போடாமல் மூன்றாகப் பிரித்துப் போடுகிறோம். இன்னும் யூரியா போடுவதால் எங்கள் பொதிகளில் "இயற்கை" என்று அச்சிடுவதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களின் பற்றைக் காணியைக் குத்தகைக்கு எடுப்பது எப்படி?

உரிமையாளரின் பயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பத்து வருடம் தடையின்றிக் காணியை ஆண்டு வந்தவர் ஆட்சி உரிமை கோரலாம் என்று சட்டம் இருப்பதால், காணி பற்றையாகக் கிடந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் வாய்ப்பேச்சில் எடுக்கவேண்டாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். உரிமையாளருக்குப் பதிலாக, அவர் எழுதிக் கொடுத்த அற்றோனித் தத்துவம் உள்ளவர் ஒப்பமிடலாம். ஒவ்வொரு வருடமும் குத்தகைப் பணத்தை வங்கியில் போட்டு, காணியின் நாலு மூலையையும் கிணற்றையும் படமெடுத்து அனுப்புகிறோம். ஒருவர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத் தன் தங்கையின் காணியையும் தந்தார்.

பிள்ளைகளுக்குள் காணி பிரிந்தால் தொழில் உடைந்துபோகாதா?

எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம் (மகளுக்குத் திருமணத்தில் கொடுப்பது), தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என்று சொத்து பிரிந்து நிற்கிறது. அக்காவின் திருமணத்துக்கு ஆறு பரப்புச் சீதனமாக எழுதப்பட்டது. அவர் கோண்டாவிலில் இருக்கிறார். அந்த ஆறு பரப்பும் அவருடையது. தோட்டம் அதை அவரிடமிருந்து, அயலவருக்குக் கொடுக்கும் அதே விலைக்குக் குத்தகைக்கு எடுக்கிறது. அம்மா, அண்ணா, நான் மூவரும் தொழிலின் பங்காளிகள். காணி யாருடையது என்பதும் தொழில் யாருடையது என்பதும் வெவ்வேறு தாள்களில் இருக்கின்றன. அக்கா நாளைக்கு அந்தக் காணியில் வீடு கட்ட விரும்பினால் ஆறு மாதம் முன்னதாகச் சொன்னால் போதும்.

இரண்டு விடயங்களைச் சட்டத்தரணியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அக்காவின் காணியை வைத்துக் கடன் கேட்டபோதுதான் எங்களுக்கு இது உறைத்தது. அத்தான் உடனே ஒப்பமிட்டார் என்றாலும், அவருடைய காணிக்கு அக்காவின் ஒப்பம் கேட்கப்படுவதில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. மற்றது, கூட்டுக் காணியில் தன் பங்கை விற்பவர் முதலில் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்ற முன்வாங்கும் உரிமை.

எத்தனை வருடத்தில் இலாபம் வரும்?

நாங்கள் முதல் சொந்தப் பரப்பை வாங்கியது ஒன்பதாம் வருடம்.

வெளிநாட்டுப் பணத்தோடு திரும்பி வந்து பெரிதாகத் தொடங்கலாமா?

வாருங்கள், சந்தோஷம். ஆனால் முதல் வருடம் யாராவது ஒருவரின் தறையில் வேலை செய்யுங்கள், ஒரு மாரியையும் ஒரு கோடையையும் பாருங்கள். பெரிய மோட்டரையும் ஆழமான குழாய்க் கிணற்றையும் கொண்டு தொடங்கினால் உங்களுக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள பத்துக் கிணற்றுக்கும் உவர் வரும். விவசாயப் போதனாசிரியரையும் கமநல சேவை நிலையத்தையும் முதல் வாரமே போய்ப் பாருங்கள்.

உங்கள் தோட்டத்தைப் பார்க்க வரலாமா?

வரலாம். எங்கள் இறைப்பு முறை நாளில், காலை ஆறு மணிக்கு முன் வந்தால் நல்லது. அந்த நேரத்தில் அம்மா மெசின் கொட்டிலில் இருப்பார், கொப்பியைக் காட்டுவார். வரும்போது உங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டு வாருங்கள்.